கூட வந்தவரின் செலவு

கடவுள் துணை
மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு, அக்கா எழுதுவது.

முதல் நாள் விருந்தில் இருந்தவர்களை வரிசையாக எழுதுகிறேன், எண்ணிக்கொள். அயல்நாட்டு அரசரின் தம்பி, அவர் மனைவி, அரசரின் மாமா, அமைச்சர் ஒருவர், செயலாளர்கள் இருவர், மருத்துவர், மொழிபெயர்ப்பாளர், மெய்க்காப்பாளர்கள் மூவர், அந்த அம்மாவின் தோழி. ஆகப் பன்னிரண்டு. நம் பக்கம், விருந்தினர் மாளிகைக் கண்காணிப்பாளரான உன் அத்தான், சமையல்காரர், பரிமாறியவர்கள் இருவர், அந்த அம்மாவுக்குத் துணையாக நான். நாங்கள் யாரும் அங்கே கை நனைக்கவில்லை.

ஆனால் சாப்பாடு பதின்மூன்று போயிருக்கிறது. மூன்று நாளும், மூன்று வேளையும். சமையல்காரரிடம் கேட்டேன். "பதிமூணு பேருக்குத்தானேம்மா வச்சேன்? பதிமூணு தட்டும் வழிச்சு நக்கின மாதிரி வந்துச்சு. சந்தேகம்னா நீங்களே வந்து ஆக்குங்க" என்று கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். சலவைக்குப் போன துண்டும் பதின்மூன்று. பூட்டியிருந்த கடைசி அறையில் படுக்கை விரிப்பு கசங்கியிருந்தது. அதன் சாவி உன் அத்தானிடமே இருந்தது.

பட்டியலில் உள்ள பன்னிரண்டு பேரின் செலவு அரசாங்கத்தைச் சேர்ந்தது, மேற்கொண்டு வருபவர் தம் செலவைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உங்கள் அலுவலகத்து உத்தரவில் இருக்கிறது. அத்தானின் கணக்கை வீட்டில் நான்தான் எழுதித் தருகிறேன் என்பது உனக்குத் தெரியும். பன்னிரண்டு என்று எழுதினால் சரக்கு குறையும், திருடினார் என்பார்கள். பதின்மூன்று என்று எழுதினால் அந்த ஆள் யார் என்பார்கள். இருபதாம் தேதி தணிக்கை. வேலை போய்விடுமோ என்று அவருக்குத் தூக்கமே இல்லை. அந்த ஒருவரின் செலவு யார் தலையில்? வரவேற்புப் பிரிவில் இந்தப் பணத்தையெல்லாம் பட்டுவாடா செய்கிற நீ சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்?

பொத்தான் அறுந்த சட்டையோடு அலுவலகம் போகாதே.

உன் அக்கா


மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பிரிவில் வாசித்துக் காட்டினேன். "ராஜ வம்சமாச்சேப்பா, ஒருத்தரே ரெண்டு ஆள் சாப்பாட்டை இழுத்திருப்பாரு" என்றார் தலைமை எழுத்தர். எல்லோரும் சிரித்தோம். இருந்தாலும் அத்தான் விஷயமாயிற்றே என்று அவர்கள் தூதரகத்துக்கு முறையாக எழுதிக் கேட்டேன். மறுநாளே பதில். இரண்டே வரி.

"அந்த ஒருவருக்கு நாங்கள் நூறு வருடம் செலவு செய்தாயிற்று. இனி அவர் எங்கள் பொறுப்பில் இல்லை."

தலைமை எழுத்தர் அதைப் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை. அந்தக் கடிதத்தை என் மேஜையில் வைத்துவிட்டு, கை கழுவப் போனவர் திரும்பி வரவே இல்லை, லீவு போட்டுவிட்டார்.

நான் மேலே விசாரித்து எழுதுகிறேன். அதுவரை நீ எந்த நோட்டிலும் எதையும் எழுதிவிடாதே. உன் நேர்மையை நினைத்தால்தான் எனக்குப் பயம். கடைக்காரர் கூடக் கொடுத்த ஒற்றை நாணயத்துக்காக மழையில் என்னையும் இழுத்துக்கொண்டு ஓடினவள் நீ.

உன் தம்பி


கடவுள் துணை
மார்ச் 13

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே எழுதிவிட்டேன். யாரோ சாப்பிட்டிருக்கிறார்கள், யாராவது கொடுத்துத்தானே ஆக வேண்டும்? சேமிப்பிலிருந்து எடுத்து மாளிகைப் பெட்டியில் கட்டினேன். என் வீட்டு நோட்டில், "விருந்தினர் ஒருவர், மூன்று நாள், நம் செலவு" என்று எழுதினேன். மாளிகைக் கணக்கு நேராகிவிட்டது. கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

அன்று மதியம் உன் அத்தான் சாப்பிட வந்தார். எனக்கும் அவருக்கும் மகள் சின்னவளுக்குமாக மூன்று தட்டு வைத்திருந்தேன். அவர் அலுவலகக் கதை பேசிக்கொண்டே நாலாவதாக ஒன்றை எடுத்து வைத்தார். "யாருக்குங்க?" என்றேன். "எதும்மா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அவருக்கு அந்தத் தட்டு தெரியவே இல்லை. நாங்கள் எழுந்தபோது அது காலியாக இருந்தது.

சின்னவள் பெஞ்சில் ஒதுங்கி உட்காருகிறாள். "கொஞ்சம் தள்ளிக்கோங்க, இடிக்குது" என்கிறாள், ஆளில்லாத பக்கம் பார்த்து. யார் என்று கேட்டால், "நம்ம வீட்டு மாமாதானேம்மா, உனக்குத் தெரியாதா?" என்று எனக்காகப் பரிதாபப்படுகிறாள். நான் பிரார்த்தனை செய்யும்போது கடைசி வரியில் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கூடச் சேர்கிறது. அழகான குரல்தான்.

ஒரு வயிற்றுக்குச் சோறு போட எனக்கு மனமில்லாமல் இல்லை. ஆனால் நேற்று சின்னவள் தன் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள். "அவங்க வீட்ல நூறு அறை இருக்காம். எல்லாம் காலியா இருக்காம். என்னைக் கூட்டிட்டுப் போறேன்னாரு" என்றாள்.

பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்தேன். காலையில் பார்த்தால் அடுத்த பக்கத்தில் அதே வரி, என் கையெழுத்திலேயே இருக்கிறது.

என்ன செய்யட்டும், சொல்லு.

உன் அக்கா


மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

அந்த மொழிபெயர்ப்பாளர் என்னைத் தேடி வந்தார். "யார் கொடுத்தது?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்து, வெட்கத்தோடு கண்ணைத் துடைத்துக்கொண்டார். செலவை மனதார ஏற்றவர் வீட்டில்தான் அந்தப் பதின்மூன்றாவது ஆள் தங்குவாராம். இன்னொருவர் அந்தப் பணத்தைக் கொடுத்து, முதலில் கொடுத்தவர் அதை வாங்கிக்கொண்டால், அங்கே போய்விடுவாராம். அரசர் வீட்டார் இத்தனை தூரம் வந்ததே அவரை எங்காவது விட்டுப்போகத்தானாம்.

நீ பயப்படாதே. அரசாங்கக் கணக்கில் ஒரு தலைப்பு கண்டுபிடித்துவிட்டேன். அரசாங்கம் பெரிய குடும்பம், இன்னொருவரைத் தாங்காதா? மணியார்டர் வரும். யோசிக்காமல் கையெழுத்துப் போட்டு வாங்கி வரவு வை. என்னை ஒன்றும் கேட்காதே. பொத்தான் தைத்துக்கொண்டேன்.

உன் தம்பி


கடவுள் துணை
ஏப்ரல் 9

என் அன்புத் தம்பிக்கு,

உன் மணியார்டர் வந்த பிறகு நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முந்தின இரண்டும் கிடைத்ததா என்று தெரியாததால் எல்லாவற்றையும் திரும்ப எழுதுகிறேன்.

மணியார்டர் இருபதாம் தேதி காலையில் வந்தது. வாங்கினேன், வரவு வைத்தேன். மதியம் அத்தான் வேறு தட்டு எடுக்கவில்லை. சின்னவள் பையிலிருந்த துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கினாள், "யாரும்மா இதையெல்லாம் இதுல திணிச்சது?" என்று என்னைத் திட்டிக்கொண்டே. தணிக்கையும் குறையில்லாமல் முடிந்தது.

சாயங்காலம்தான் மணியார்டர் துண்டுச் சீட்டைக் கோத்து வைக்க எடுத்தேன். அனுப்புநர் என்ற இடத்தில் அலுவலகத்தின் பெயர் இல்லை. முத்திரை இல்லை. உன் பெயர், உன் அறையின் முகவரி. ஒரு காசு பிசகினாலும் கண்டுபிடிக்கிற நான் அதைப் பார்க்காமலா கையெழுத்துப் போட்டேன்? அன்று காலை சின்னவள் பையோடு வாசலில் நின்றாள், தம்பி. பார்த்தேனா, பார்க்கவில்லையா என்று கடவுளிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

போன வாரம் அந்தப் பணத்தை அப்படியே உனக்குத் திருப்பி அனுப்பினேன். இன்று அது திரும்பி வந்துவிட்டது. பின்பக்கம் உங்கள் தபால்காரர் பென்சிலால் எழுதியிருக்கிறார்: "வீட்டில் இருவரும் இருந்தார்கள். வாங்க மறுத்தார்கள்."

மறுத்தது நீயா, அவரா?

அத்தான் வெள்ளிக்கிழமை வண்டியில் உன்னைப் பார்க்க வருவதாகச் சொல்கிறார். அவர் மனசு உனக்குத் தெரியும். நீ இளைத்திருப்பதைப் பார்த்தால், "இனி உன் வீட்டுச் செலவெல்லாம் என்னோடது மச்சான்" என்று சொல்லிவிடுவார். அவரை அனுப்பட்டுமா, வேண்டாமா? நீயே, உன் கையெழுத்தில் எழுது. வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேருகிற மாதிரி பதில் போடு.

உன் அக்கா