காலியாக நின்றவனுக்கு ஒரு பாஸ்

எங்கள் குடியிருப்பில் புதிதாக ஒரு பாஸ்கெட்பால் கம்பம் நட்டிருக்கிறார்கள். மாலையில் பந்து தரையில் மோதும் சத்தம் மாடி வரை கேட்கிறது. எட்டிப் பார்த்தேன். பந்து கிடைத்தவன் அதை விடுவதாக இல்லை. அவன் அணியின் மற்ற நால்வரும் பார்வையாளர்கள். உன்னிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று தோன்றியது. நீ இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

தொண்ணூற்றொன்றில், வாலாஜாபாத்தில் நாம் ஆடிய அந்த ஆட்டம். ஆள் எடுக்க வந்த ஒரு கம்பெனி அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். விளையாட்டு வீரருக்கென்று வேலை ஒன்றே ஒன்று. நம் அணியில் அது வேண்டாதவர் யாருமில்லை. உனக்கோ நிச்சயமாகவிருந்த கல்யாணமே அதை நம்பி நின்றது. கடைசி நொடிகளில் ஒரு பாயிண்ட் பின்தங்கியிருந்தோம். பந்து உன் கையில். ரிங்கைப் பார்த்துத் தாவிய நீ, பந்தைப் பக்கவாட்டில் எனக்குத் தள்ளினாய். நான் போட்டேன். ஜெயித்தோம். அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

"பாஸ் குடுத்தது அவன் சார். ஆட்டத்தையே நடத்தினது அவன்தான்" என்றேன்.

"நல்ல பையன்தான். ஆனா பாஸுக்குப் பாயிண்ட் கிடையாதே, தம்பி."

நியாயமான மனிதர். விதிகள் அவர் பக்கம் இருந்தன.

பிள்ளைப்பாக்கம் திரும்பும் பஸ்ஸில் உன்னைக் கேட்டேன்: "இன்னாடா இப்படிப் பண்ணிட்ட? நீயே போட்டிருக்கலாமில்ல?"

"எங்க போடறது? ரெண்டு பேரு மூஞ்சிக்கு நேரா கைய நீட்டிகினு நின்னானுங்க. நீதான் காலியா நின்னுகினு இருந்த."

"வேலை போச்சேடா."

"அத்த அப்பால பாக்கலாம். பந்து கையில கீறப்போ ஆட்டத்தத்தான் பாக்கணும். டீ வாங்கிக் குடு, ஆபீசரு!"

அந்தக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை மட்டும் வேறு. நீ லாரி ஓட்டப் போனாய். எங்கள் கம்பெனி வாசலிலேயே சரக்கோடு காத்திருப்பாய். என்னைக் கண்டால் கையை உயர்த்துவாய், பந்து கேட்பவனைப் போல.

பிற்பாடு, முடிவெடுக்கும் திறன் குறித்த பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். சரியான முடிவுக்கு ஓர் உதாரணம் கேட்டார் பயிற்சியாளர். உன் பாஸைச் சொன்னேன்.

"முடிவெடுத்தவருக்கு என்ன லாபம்?"

"ஒன்றுமில்லை."

அவர் பலகையைத் துடைத்துவிட்டு அடுத்தவரிடம் போனார்.

பணிக்காலம் முழுக்க அந்தக் கேள்வியோடுதான் இருந்தேன். நீ எடுத்த முடிவு, ஆட்டத்தை வைத்துப் பார்த்தால், சரி. உன் வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் என்னவென்று நீதான் சொல்ல வேண்டும். வாசலில் அத்தனை முறை பார்த்தும் நான் அதைக் கேட்கவில்லை. உன் சம்பளத்தில் உட்கார்ந்துகொண்டு எப்படிக் கேட்பது?