குறைந்த அளவில்

எதிர் மேசைக்காரிக்கு,

உன் சோதனையை நான்காவது முறையும் செய்து பார்த்துவிட்டேன். நீ சொன்னதுதான் சரி. கிருமிகளைக் கொல்ல நம் உடம்பே சுரக்கும் அந்தச் சின்னப் புரதம், அளவு கூடினால் கருப்பை வாய்ப் புற்றுநோய் செல்களைக் கொல்கிறது; குறைந்தால் அவற்றையே வளர்த்துவிடுகிறது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

"உன் கை சுத்தமில்ல, அதான் தட்டுல கண்டதும் வளருது" என்று, நீ அதை முதலில் காட்டியபோது ஆய்வகத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். நீ வெள்ளைக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போனாய். மூன்று வருடம் ஆகிறது.

கட்டுரையில் உன் பெயரைத்தான் முதலில் போட்டிருக்கிறேன். "வேலைய விட்டுப் போனவங்களுக்கு எதுக்கும்மா?" என்றார் துறைத் தலைவர்.

"கண்டுபிடிச்சது அவதான் சார்."

அதற்கு மேல் வாதாடத் தெம்பில்லை. இப்போதெல்லாம் மாடி ஏறினாலே களைத்துவிடுகிறது. போன மாதம் டாக்டர் என் கருப்பை வாயில் என்ன இருக்கிறது என்று படம் போட்டு விளக்கினார். அதே செல்களை இருபது வருடமாகத் தட்டில் வளர்ப்பவள் நான் என்று அவரிடம் சொல்லவில்லை.

வியாழக்கிழமை முதல் சிகிச்சை. கூட ஒருவர் வர வேண்டுமாம். படிவத்தில் உறவு என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. உன் தொலைபேசி எண்ணை மட்டும் எழுதியிருக்கிறேன். கோபம் தீராவிட்டாலும் வா.

இப்படிக்கு,
உன் மேல் பழி போட்டவள்