நட, நில், நட, நில்

மார்ச் 4, செவ்வாய்

முன்பு வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "சார், நாடும் நாடும் சேர்ந்து வேலை செய்யுதுன்னு சொல்றீங்களே, மண்வெட்டிய யார் சார் பிடிப்பாங்க?" வகுப்பே சிரித்தது. ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இன்று ஆஸ்பத்திரித் தெருவில் வேலை நடப்பதைப் பார்த்ததும் அவன் ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் ஊரும் கடல் தாண்டிய ஓர் ஊரும் சேர்ந்து போடும் நடைபாதை. கண் தெரியாதவர்கள் காலாலும் கோலாலும் தடவிப் போக, மேடு வைத்த மஞ்சள் ஓடுகள். தேய்ந்த டயர்களை அரைத்து இங்கேயே வார்த்தவை. அச்சு அவர்களுடையது, டயர் நம்முடையது. ஒப்பந்தத்தில் மனித உரிமை, எல்லோருக்கும் இடம், நீடித்த வளர்ச்சி என்று மூச்சு முட்ட எழுதியிருக்கிறது. குழுவுக்கு நான்தான் செயலாளர். ஓய்வு பெற்ற வாத்தியார் கையில் கிடைத்தால் சும்மா விடுவார்களா?

சொந்த அக்கறையும் உண்டு. தங்கைக்குச் சில வருஷங்களாகப் பார்வை இல்லை. ஆஸ்பத்திரியில் தொலைபேசி விசாரணைப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. ஏப்ரல் ஒன்றாம் தேதி சேர வேண்டும். தனியாகப் போக முடிந்தால்தான் சேருவேன் என்கிறாள். "நீ கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனா வேலைக்குப் போற மாதிரி இருக்காதுண்ணா. எல்கேஜி போற மாதிரி இருக்கும்."

மார்ச் 9, ஞாயிறு

ஓடு பதித்தாயிற்று. எங்கள் மேஸ்திரிக்கு ரசமட்டம் என்றே பட்டப்பெயர். டீ கிளாஸ் வைத்த பெஞ்சுக்கும் மட்டம் பார்ப்பார். கோடு போட்ட ஓடு ஒன்று, புள்ளி வைத்த ஓடு ஒன்று, மாற்றி மாற்றி. சதுரங்கப் பலகை மாதிரி ஜோர். நகராட்சித் தலைவர் கைதட்டினார். நானும்தான்.

மார்ச் 10, திங்கள்

தங்கையை அழைத்துப் போனேன். ஓர் அடி வைத்தாள், நின்றாள். இன்னோர் அடி. மறுபடி நின்றாள்.

"கோடுன்னா நட, புள்ளின்னா நில்லு. பயிற்சியில அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க. இது நட, நில்லு, நட, நில்லுங்குது. இது ரோடா, டிரில் மாஸ்டரா?"

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

புள்ளி ஓடு தெருமுனைக்கும் வாசலுக்கும் மட்டுமாம். பாடப்புத்தகத்தில் எல்லா வரிக்கும் அடிக்கோடு போட்டு வைத்தால் எது முக்கியம் என்று எப்படித் தெரியும்? அந்தக் கதைதான். இங்கே முக்கியமான வரி, லாரி திரும்புகிற முனை.

எங்கே தவறினோம்? கடல் தாண்டிய ஊரிலிருந்து வந்த படத்தில் இரண்டு வகை ஓட்டையும் அடுத்தடுத்து வரைந்திருந்தார்கள், இப்படி இருக்கும் என்று காட்ட. விளக்கம் அவர்கள் மொழியில். நாங்கள் படத்தையே நடைபாதை என்று எடுத்துக்கொண்டோம்.

மேஸ்திரிக்கு முகம் தொங்கிவிட்டது. "பார்க்க அழகா இருந்துச்சேம்மா."

"அழகாத்தான் இருக்கும் மேஸ்திரி. பார்க்கிறவங்களுக்கு."

மார்ச் 11, செவ்வாய்

தலைவரிடம் சொன்னேன். இருபதாம் தேதி அந்த ஊர்க்காரர்கள் வருகிறார்கள். ஃபோட்டோ எடுத்துக்கொண்டு போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். இந்தத் தெருவே கோணலென்று தெரிந்தால் அடுத்த தெருவுக்கு உதவி வராது என்று பயம். பயம் நியாயம்தான். ஆனால் அப்புறம் என்றால் எப்போது? அவளுக்கு ஒன்றாம் தேதி வேலை.

மண்டை காய்கிறது.

மார்ச் 12, புதன்

தங்கையிடம் மழுப்பிப் பார்த்தேன். நடக்குமா?

"என்னைக் காட்டித்தானே அந்த ஊர்க்காரங்ககிட்ட உதவி கேட்டீங்க? உங்க குழுவுல என்னை மாதிரி ஒருத்தராவது இருக்காங்களா?"

இல்லை. இத்தனை பேர் உட்கார்ந்து பேசுகிறோம் — ஒருவருக்கும் தோன்றவில்லையே!

மார்ச் 13, வியாழன்

வாராந்தரக் காணொளிக் கூட்டம். தங்கையை என் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். தலைவர் முறைத்த முறைப்பில் என் கண்ணாடி உருகாதது ஆச்சரியம்.

அவளே பேசினாள், ஒளிவுமறைவில்லாமல். மொழிபெயர்க்கும் பெண் சொல்லி முடித்ததும், சரி, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பிறகு அந்த ஊர்ப் பொறியாளர் அம்மா சிரித்தார். அவர்கள் முதலில் போட்ட பாதை நேராகப் போய் ஒரு மரத்தில் முட்டியதாம். விளக்கத்தை நம் மொழியில் அனுப்பாதது தங்கள் தப்பு என்றும் சொன்னார். கடைசியில் ஒன்று: "ரிப்பன் வேண்டாம். கடப்பாரை எடுத்து வைங்க, வந்து சேர்ந்து பேத்துடலாம்."

தலைவர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். "நானும் அதத்தான் சொல்லலாம்னு இருந்தேன்."

மார்ச் 20, வியாழன்

திருவிழாவே தோற்றது. பொறியாளர் அம்மா கடப்பாரையும் கையுமாகக் குந்தியிருக்கிறார். ரசமட்டம் அவருக்கு மட்டம் பார்க்கச் சொல்லித் தருகிறார். இருவருக்கும் ஒரு வார்த்தை பொதுவில்லை. தலையாட்டியே வேலை நடந்தது. தலைவரின் வெள்ளைச் சட்டை சிமெண்ட் நிறம். தங்கை நடந்து நடந்து பார்த்து, இங்கே புள்ளி, அதுவரை கோடு என்று எல்லோரையும் விரட்டினாள். இப்போது அவளும் குழு உறுப்பினர்.

மண்வெட்டி பிடித்தது யார்? நான்தான் தம்பி. உள்ளங்கையில் கொப்புளம்.

ஏப்ரல் 1, செவ்வாய்

தனியாகப் போனாள். சரி, முழுக்கத் தனியாக இல்லை; பின்னாலேயே பூனை மாதிரி நான். மருந்துக்கடை தாண்டியதும் திரும்பாமலேயே சொன்னாள்: "அண்ணா, உன் செருப்புச் சத்தம் ஊருக்கே கேக்குது. வீட்டுக்குப் போ."

ஏப்ரல் 2, புதன்

போகவில்லை. வீட்டு வாசலோடு நின்றுகொண்டேன்.

ஏப்ரல் 7, திங்கள்

சாயங்காலம் வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டாள். மருந்துக்கடை முன்னால் ஓட்டின் மேலேயே ஒரு ஸ்கூட்டராம். முழங்காலில் இடித்துக்கொண்டாளாம்.

"எவன் அவன்?" என்று குதித்தேன்.

"தெரியல. சீட்டத் தடவிப் பார்த்தேன். கிழிசல்ல நான் போட்ட தையல் இருந்துச்சு."

இருமல் மாத்திரை வாங்கப் போன அவசரத்தில் நான்தான் நிறுத்தியிருந்தேன்...

மற்றபடி வேலை பிடித்திருக்கிறதாம். சம்பளம் வந்ததும் எனக்குச் சத்தம் வராத செருப்பு வாங்கித் தருகிறாளாம்.

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் சரி: வண்டியை நிறுத்தும்முன் கீழே பாருங்கள். மஞ்சள் ஓடு தெரிந்தால் தள்ளி நிறுத்துங்கள்.