ஓடுபாதையில் இரண்டு வேட்டிகள்

மாமா,

போன வாரம் எனக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. இங்கே டெக்சாஸில், ஆலனில், நம் மீனா வீடு வாங்கியிருக்கும் தெருவுக்கு ஒரு குடியிருப்போர் சங்கம் உண்டு. புல்லை எவ்வளவு வளரவிடலாம், வாசல் கதவுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்பதையெல்லாம் அவர்கள்தான் சொல்வார்கள். பின்புறம் பேத்தி குதித்து விளையாடும் டிராம்போலின்மேல் நான் வெள்ளைத் துணி விரித்துக் கூழ்வற்றல் ஊற்றியிருந்தேன். ஜூலை மாதத்து ஆலன் வெயிலை வீணாக்க எனக்கு மனம் வருமா? அந்தத் துணி தெருவிலிருந்து தெரிகிறதாம். உடனே அகற்றச் சொல்லி எழுதியிருந்தார்கள்.

"பாட்டி, யூ காட் எ வயலேஷன்!" என்று பேத்தி காகிதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். பரிசு கிடைத்தது போல அவளுக்குச் சந்தோஷம்.

"சிரிக்காதம்மா, சீரியஸா எடுத்துப்பாங்க" என்றாள் மீனா. சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கும் நினைவு வந்துவிட்டது. "ஐயோ, தாத்தா வேட்டி!" என்று சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். துணியை எடுக்கப் போனேன். பாதி காய்ந்த வற்றலில் சீரகமும் பச்சை மிளகாயும் மணத்தன. அந்த வெயிலில் அப்படியே நின்றுவிட்டேன்.

முப்பத்தெட்டு வருடம் ரயில்வேயில் உழைத்து ஸ்டேஷன் மாஸ்டராக ஓய்வு பெற்றவர் நீங்கள். அத்தை காலமான மறு வருடம் உங்கள் மகனுக்கு சாம்பியாவில் ஒரு சஃபாரி முகாமை நிர்வகிக்கும் வேலை கிடைத்தது. நான் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுக் கிளம்பச் சம்மதித்தேன். ஆனால் மாமாவை விருதுநகரில் தனியாக விட்டுவிட்டு வரமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றேன். மீனா, பாலு இரண்டு பிள்ளைகளோடு ஐந்து பேரும் போனோம்.

ஆற்றங்கரையில் பத்துக் கூடாரங்கள். பக்கத்து ஊருக்கு ஜீப்பில் ஆறு மணி நேரம். விருந்தினருக்கு ரொட்டி வெட்டும்போதே பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கு நடக்கும். குளிக்கப் போகும் வழியில் யானை நின்றுவிட்டால், அது நகரும்வரை தோளில் துண்டோடு உட்கார்ந்து வாய்ப்பாடு. செருப்பைத் தட்டித் தேள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பாலு கால் நுழைப்பான். இன்றும் ஷூவைத் தட்டாமல் அவன் போட்டுக்கொள்வதில்லை. அவன் மனைவிக்கு அது புரிவதே இல்லை.

முகாமிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டரில் செம்மண் ஓடுபாதை. செவ்வாயும் வெள்ளியும் ஆறு பேர் உட்காரும் சின்ன விமானம் வரும். யாரும் கேட்காமலே அந்தப் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். துப்பாக்கியோடு காவல் வரும் பண்டாவின் துணையில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடப்பீர்கள். மான்களை விரட்டி, பள்ளம் இருக்கிறதா என்று பார்த்து, நோட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுவீர்கள். பிறகுதான் ரயிலுக்குக் கொடுப்பது போலவே வயர்லெஸ்ஸில் "லைன் கிளியர்" என்று குரல் கொடுப்பீர்கள். விமானிக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. ஒரு மாதத்தில் அவரே, "மிஸ்டர் ஸ்டேஷன் மாஸ்டர், லைன் கிளியரா?" என்று கேட்டுவிட்டு இறங்கப் பழகிவிட்டார்.

"காட்டுக்குள்ள என்னப்பா ஸ்டேஷன்?" என்று உங்கள் மகன் கேலி செய்வார்.

"வண்டி வந்து நிக்கிற எடம் எல்லாம் ஸ்டேஷன்தான்டா" என்பீர்கள்.

இரண்டாவது வருடம் முதலாளியின் கடிதம் வந்தது. முகாம் வேலை கணவன் மனைவிக்கு மட்டும்தான், பிள்ளைகளும் வயதானவரும் அங்கே இருப்பது ஆபத்து என்று எழுதியிருந்தார். பிள்ளைகளைத் தலைநகரில் விடுதிப் பள்ளியில் சேர்க்க வேண்டும், அப்பாவை இந்தியாவுக்கு அனுப்ப வேண்டும். இல்லையென்றால் சீசன் முடிந்ததும் எல்லோரும் கிளம்பலாம். வெள்ளிக்கிழமை நேரில் வந்து பேசி முடிப்பதாகச் சொல்லியிருந்தார். அப்போது மீனாவுக்கு ஒன்பது வயது, பாலுவுக்கு ஆறு.

"எனக்காகப் பாக்காதீங்க, நான் போயிருதேன். புள்ளைகள மட்டும் பிரிச்சிராதீங்க" என்றீர்கள்.

"நீங்களும் போகக்கூடாது மாமா" என்றேன். 

மனசு சரியில்லையென்றால் என் கை சும்மா இருக்காது. புதன்கிழமை காலையில் கூழ் கிண்டினேன். முகாமில் காயப்போட்டால் மரத்துக்கு மரம் உட்கார்ந்திருக்கும் பபூன் குரங்குகள் விடாது. வழி சொன்னது நீங்கள்தான். "இன்னைக்குப் புதன்தானம்மா, வண்டி கெடையாது. ஓடுபாதையில போடு. மரம் இல்லாத எடத்துக்குக் கொரங்கு வராது." இரண்டு எட்டு முழ வேட்டிகளையும் கொடுத்தீர்கள். ஒன்றைச் சாய்வாக விரித்தோம். காற்று தூக்கியதால் இன்னொன்றை அதன் குறுக்கே போட்டு, நடுவிலும் முனைகளிலும் கல் வைத்தோம். வற்றலை ஊற்றிவிட்டு முகாமுக்குத் திரும்பினோம்.

பதினொரு மணிக்கு விமானச் சத்தம் கேட்டது. முகாம் எப்படி நடக்கிறது என்று பார்க்க முதலாளி சொல்லாமல் கிளம்பி வந்திருக்கிறார். பண்டா ஜீப்பை விரட்டினார். நாம் போய்ச் சேரும்போது விமானம் தலைக்கு மேலே வட்டமிட்டுக்கொண்டிருந்தது. நீங்கள் தோளில் கிடந்த துண்டை உருவி "வா, வா" என்று வீசினீர்கள். விமானம் மூக்கைத் திருப்பிக்கொண்டு போயே போய்விட்டது. அப்போதுதான் கையைப் பார்த்தீர்கள். "அடக் கடவுளே, செகப்புத் துண்டு!"

ஓடுபாதையில் பெருக்கல் குறி போட்டிருந்தால் அது மூடப்பட்டது, இறங்காதே என்று பொருளாம். இருபது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான், என் கையாலேயே செம்மண்ணில் வெள்ளைப் பெருக்கல் குறி போட்டு முதலாளியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மாலையில் வயர்லெஸ்ஸில் அவர் கத்தியது சமையல்காரர்வரை கேட்டது. மறுநாள் வருகிறேன், மூட்டையைக் கட்டி வையுங்கள் என்றார்.

வியாழக்கிழமை பொழுது விடிந்ததுமே விமானம் கிளம்பிவிட்டதாகத் தகவல் வந்தது. எல்லோரும் ஓடுபாதைக்குப் போனோம். நீங்கள் நடக்க ஆரம்பித்தீர்கள். பாதி தூரத்தில் நின்றீர்கள். இரவில் கரையான் தேடி மண்ணைத் தோண்டும் பிராணி ஒன்று அந்தக் காட்டில் உண்டு. சக்கரம் ஓடும் இடத்திலேயே அது முழங்கால் ஆழத்துக்கு இரண்டு குழி பறித்திருந்தது. அதற்குள் விமானச் சத்தம் வந்துவிட்டது.

உங்கள் மகன் பதறினார். "அப்பா, நேத்தே திருப்பி அனுப்பிட்டோம். இன்னைக்கும் சுத்தவிட்டா நம்ம கதை முடிஞ்சிரும். எடது ஓரமா எறங்கச் சொல்லலாம்பா, அங்க தரை நல்லாத்தான இருக்கு?"

"நடந்து பாத்தியா?"

"இல்ல."

"நானும் பாக்கல." அவ்வளவுதான் சொன்னீர்கள். பிறகு வயர்லெஸ்ஸை வாங்கி, "நாட் கிளியர். ப்ளீஸ் வெயிட்" என்றீர்கள்.

விமானியின் குரலுக்குப் பதில் முதலாளியின் குரல் வந்தது. யார் பேசுவது, இதென்ன விளையாட்டு, நேற்றும் நீதானா என்றெல்லாம் கேட்டது. நான் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டேன். விடுதிப் பள்ளியில் அவர்களுக்கு இரண்டு இரும்புக் கட்டில்கள் போட்டிருப்பது என் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் குரலை உயர்த்தவில்லை. காரைக்குடி வண்டி எந்த மேடையில் நிற்கும் என்று சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னீர்கள்.

"யெஸ் சார், யெஸ்டர்டே ஆல்சோ மீ. யெஸ்டர்டே ஐ வாஸ் ராங். டுடே ஐ ஆம் நாட் ராங்."

அதற்குப் பிறகு நாம் வேலை செய்ததை என்னவென்று சொல்வது! பண்டாவும் உங்கள் மகனும் பக்கத்துக் கரையான் புற்றிலிருந்து மண் வெட்டினார்கள். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்வெட்டியால் குழிக்குள் தள்ளினேன். பிள்ளைகள் சமையலறைச் சட்டியில் மண் சுமந்தார்கள். மிதித்து, தண்ணீர் தெளித்து, ஜீப்பை நான்கு முறை மேலே ஓட்டி இறுக்கினோம். தலைக்கு மேலே விமானம் சுற்றிக்கொண்டே இருந்தது. முடிந்ததும் முழுப் பாதையையும் திரும்ப நடந்து பார்த்தீர்கள், இடது ஓரம் உட்பட. கடிகாரம் பார்த்து நோட்டில் எழுதிவிட்டு, நடுவில் மட்டும் இறங்கச் சொல்லி லைன் கிளியர் கொடுத்தீர்கள்.

முகம் சிவக்க இறங்கினார் முதலாளி. அவர் பேச வாய் திறக்கும் முன் நீங்கள் இடது ஓரத்துக்கு நடந்தீர்கள். அவரும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தார். புல் மூடிய ஒரு இடத்தைக் கையால் காட்டினீர்கள். அவர் பூட்ஸ் காலால் அழுத்திப் பார்த்தார். கால் முழங்கால்வரை உள்ளே போய்விட்டது. அது மூன்றாவது குழி.

"இதில் சக்கரம் இறங்கியிருந்தால்?" என்று விமானியிடம் கேட்டார்.

"இந்தக் கேள்வியைக் கேட்க நீங்கள் இருந்திருக்க மாட்டீர்கள்" என்றார் விமானி. பிறகு, தன் சுற்றில் உள்ள மற்ற ஓடுபாதைகளில் கண்ணை மூடிக்கொண்டுதான் இறங்குவதாகவும், இங்கே மட்டும்தான் ஒரு மனிதர் நடந்து பார்த்துச் சொல்வதாகவும் சொன்னார்.

உங்கள் மகனுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஓரமாக இறங்கச் சொன்னவர் அவரல்லவா.

முதலாளி பூட்ஸில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். மண் அப்பியிருந்த பிள்ளைகளின் கைகளைப் பார்த்தார். கடைசியில், எல்லோரும் இருக்கட்டும், இந்தப் பெரியவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்றார். உங்கள் மகன் நன்றி சொல்ல ஆரம்பித்தார். நீங்கள் நோட்டை நீட்டினீர்கள்.

"ப்ளீஸ் ரைட், சார்."

"அப்பா!" என்று உங்கள் மகன் பல்லைக் கடித்தார்.

"சும்மா இருடா. வாய்ச்சொல்ல நம்பி நான் ஒரு வண்டியக்கூட விட்டதில்ல."

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடும்பம் முழுவதும் முகாமிலேயே தங்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் நேரம் குறிக்கவில்லை என்று அதையும் கேட்டு வாங்கினீர்கள்.

ஏழு வருடம் அங்கே சேர்ந்து இருந்தோம், மாமா. இரண்டு பிள்ளைகளும் என்னிடமே படித்து, வெளியே போய்ப் பரீட்சை எழுதி, மாகாணத்தில் பெயர் சொல்லும்படி தேறினார்கள். ஊர் திரும்பிய பின் நான் மறுபடி பள்ளியில் சேர்ந்தேன். பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்ட வேண்டும், சுமாராகப் படிக்கும் பெண்களை நிறுத்திவிடுங்கள் என்று நிர்வாகம் சொன்னபோது, முடியாது என்று நிதானமாகச் சொன்னேன். அந்த நிதானம் நான் பிறவியில் கொண்டுவந்ததில்லை. விருதுநகர் வீட்டில் நீங்கள் கண் மூடியபோது உங்களைச் சுற்றி நாங்கள் நான்கு பேரும் இருந்தோம். அதுவும் நீங்கள் எழுதி வாங்கியதுதான்.

போன மாதம் மீனாவை அவள் கம்பெனியில் வேறு மாநிலத்துக்கு, சான்டா கிளாராவுக்கு மாறச் சொன்னார்கள். பெரிய பதவி. குடும்பத்தை இங்கே விட்டுவிட்டு ஒரு வருடம் அங்கே இருக்க வேண்டும், நாளைக்குள் பதில் வேண்டும் என்றார்கள். அடுத்த அறையில் அவள் போனில் பேசுவது எனக்குக் கேட்டது. சத்தம் இல்லை, கெஞ்சல் இல்லை. குழந்தையை விட்டு வர முடியாது, அதே வேலையை இங்கிருந்து எப்படிச் செய்யலாம் என்று விளக்கி எழுதியிருக்கிறேன், படித்துவிட்டுச் சொல்லுங்கள் என்றாள். இரண்டு நாளில் சம்மதித்தார்கள்.

செய்தி சொல்ல வந்தவள் கையில் ஒரு காகிதம் இருந்தது. "அவங்க ஓகே சொன்னாங்கம்மா. ஆனா போன்ல சொன்னாப் போதாதுன்னு சொல்லி ஈமெயில்ல வாங்கி, பிரின்ட் எடுத்துட்டேன்" என்றாள்.