கம்பம் ரோட்டில் ஒரு காலி அலைவரிசை

ஞாயிறு, இரவு

கம்பத்தில் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குக் காரில் போனோம். கல்லூரிப் பேச்சுப் போட்டியில் மகள் ரேவதி பேசியது என் போனில் இருந்தது. வழியில் வீட்டுக்காரருக்குப் போட்டுக்காட்ட நினைத்தேன். எங்கள் பழைய காரில் ரேடியோ மட்டும்தான். போனில் ஓடுவது அதில் கேட்பதற்காக, சிகரெட் லைட்டர் ஓட்டையில், போன் சத்தத்தை ரேடியோவுக்கு அனுப்பும் ஓர் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரைச் செருகியிருக்கிறேன். தேனியிலிருந்தே ஒரே இரைச்சல். சின்னமனூர் தாண்டியதும் மகள் பேச்சுக்கு நடுவே மலையாளப் பாட்டு புகுந்துவிட்டது.

"அந்தச் சனியனைக் கழட்டி வெளிய வீசு," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "ஓரமா நிப்பாட்டுங்க," என்றேன்.

டிரான்ஸ்மிட்டரைக் கழற்றிவிட்டு ரேடியோவை மெல்லத் திருப்பினேன். எந்த நிலையமும் எடுக்காத ஓர் இடம் கிடைத்தது. டிரான்ஸ்மிட்டரைச் செருகி அதையும் அதே அலைவரிசை எண்ணில் வைத்தேன். போன் சத்தத்தை ஏறக்குறைய முழுசாகக் கூட்டி, ரேடியோ சத்தத்தைக் குறைத்தேன். இத்தனை நாளும் நேர்மாறாக வைத்திருந்தோம்.

ரேவதி தொண்டையைச் செருமுவதுகூடக் கேட்டது.

"என்னத்த பண்ணுன?" என்றார். "பேச்சைக் கேளுங்க," என்று ரேடியோவைக் காட்டினேன். அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

கம்பம் நெருங்கும்போது மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார். நாத்தனார் வாசலுக்கு வந்து கூப்பிட்டும் வண்டியை அணைக்கவில்லை. "கொஞ்சம் பொறுக்கா, பிள்ளை பேசி முடிக்கட்டும்."

இப்போது படுக்கும்போது, "ரேவதிய நெனச்சாப் பெருமையா இருக்கு," என்றார். ஆமாம் என்றேன். தூங்கிவிட்டார். அந்தப் பெருமையில் பாதி எனக்கு என்பதை இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன்.