மூடியின் உள்பக்கம்

ரௌலாந்து,
1874 மார்ச்

மகன் தாரால்டுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம், மாடுகளும் சுகம். நீயும் மின்னசோட்டாவில் சுகமாக இருக்க வேண்டும், நான் திட்டுவதை முழுசாகப் படித்து முடிக்கிற அளவுக்காவது.

கீழ்ப்பண்ணை குன்வோருக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. வழக்கப்படி பிள்ளை பெற்றவளுக்குப் பாலேட்டுக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். போகும்போது உன் பக்கம்தான் இருந்தேன். "பள்ளத்தாக்கு முழுக்கப் பொண்ணுங்க சீர்ப்பெட்டிக்குப் பூ வரைஞ்சேன், அவளுக்கும் ஒண்ணு வரைஞ்சேன், அதுக்காக எல்லாப் பொண்ணும் என் பொண்டாட்டியா?" என்று, வயிற்றில் இருப்பது உன் பிள்ளை என்று அவள் சொன்னதை மறுத்து நீ எழுதியதை அப்படியே நம்பியிருந்தேன். அந்தப் பெட்டி அவள் கட்டிலருகில் இருந்தது. நீல வண்ணத்தின் மேல் சிவப்புப் பூ, இடக்கைக்காரன் இழுத்த கொடி, பார்த்ததுமே உன் கை என்று தெரிந்தது. முன்பக்கம் பெண்ணின் பெயர் எழுதுகிற இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறாய், கெட்டிக்காரன்தான். பிறகு குழந்தையின் தொப்பியை எடுக்க அவள் மூடியைத் திறந்தாள். உள்பக்கமும் பூ! ஓரம்வரை, இண்டு இடுக்கு விடாமல். அடேய், கூலிக்கு வரைகிறவன் எவனடா மூடிக்கு உள்ளே வரைவான்? சுவரோரம் நிற்கிற பெட்டிக்குப் பின்பக்கம் எதற்கு என்று பெற்ற தாயின் பெட்டியையே மொட்டையாக விட்ட சோம்பேறி நீ. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூப்பிட்டுக்கொள்வதாகச் சொன்னானா என்று அவளைக் கேட்டேன். "கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி சொன்னாரு, அப்புறம் பேச்சே இல்ல" என்றாள். அவள் அழக்கூட இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். தகப்பன் பெயர் என்ன என்று பாதிரியார் கேட்டார், குன்வோர் வாயே திறக்கவில்லை. நீ மறுத்து எழுதியது ஊருக்கே தெரியும், இன்னொரு தடவை பொய்க்காரி என்று பெயரெடுக்க அவளுக்கு மனமில்லை. பின்னால் எவளோ, "பொட்டிக்காரன் பேரைச் சொல்லேன்டி" என்று கிசுகிசுக்க, பெண்கள் பக்கம் சிரிப்பு. குழந்தையைக் கையில் வைத்திருந்தவள் நான். தாரால்ட் அஸ்லாக்ஸன், என் மகன் என்றேன், தேவாலயம் முழுக்கக் கேட்கும்படி. சிரிப்பு நின்றது. திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா, "அவன் மறுபடியும் இல்லேன்னு சொல்லிட்டா நம்ம மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைக்கிறது?" என்று புலம்பினார். அவன் மூஞ்சிதான் தொட்டிலில் கிடக்கிறதே, போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள் என்றேன். போனார். வந்தவர் நேரே கொட்டிலுக்குப் போய், குன்வோருக்கென்று ஒரு குடம் பால் எடுத்து வைத்தார்.

இந்தக் கோடைக்குள் நீ வர வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பேரையும் அங்கே அழைத்துக்கொள்ள வேண்டும். அவளும் உன்னைத்தான் வேண்டும் என்கிறாள், ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. மறுபடி இல்லை என்று எழுதுவதானால் மையை வீணாக்காதே, பாதிரியாரிடம் நான் சொன்னது சொன்னதுதான். கம்பளிச் சட்டையைக் கழற்றாதே, உனக்குச் சட்டென்று சளி பிடிக்கும். ஆண்டவர் உன்னைக் காக்கட்டும், கூடவே கொஞ்சம் வெட்கத்தையும் கொடுக்கட்டும். உன் அம்மா என்று கையெழுத்துப் போட இன்று கை வரவில்லை.

இப்படிக்கு,
தாரால்டின் மகள் சிக்னேயின் பாட்டி,
மார்கித்