டைரக்டர் காரின் டிரிப் ஷீட்

மார்ச் 4, செவ்வாய்

இன்று முதல் ஸ்டாஃப் வேன் கிடையாது. சிக்கன நடவடிக்கையாம். 'அனைவரும் தோள் கொடுப்போம்' என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். யார் தோள், அதில் ஏறி உட்காரப்போவது யார் என்று போடவில்லை. இரண்டு பஸ் மாறி வீடு வந்து சேர ஏழு மணி. முழங்கால் விண்விண்ணென்று தெறிக்கிறது.

ஸ்டோர்ஸ் அக்கா பாடு என்னைவிட மோசம். அவர் வீட்டுக்காரர் படுத்த படுக்கை. ஆறரைக்கு அக்காதான் ஊசி போட வேண்டும். இப்படியே போனால் வேலையை விட வேண்டியதுதான் என்றார்.

மார்ச் 6, வியாழன்

கம்பெனி வண்டிகளின் டிரிப் ஷீட்டைச் சரிபார்த்து ஃபைலில் போடுவது என் வேலை. டைரக்டர் கார் செவ்வாயும் வியாழனும் ஐந்துக்குக் கிளம்பி ஏழரைக்குத் திரும்புகிறது. காரணம்: வாடிக்கையாளர் சந்திப்பு. ஆனால் செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு டைரக்டர் தன் அறையில்தானே இருந்தார்? காபி உள்ளே போனதைக் கண்ணால் பார்த்தேனே. அப்படியானால் காரில் போனது யார்?

மார்ச் 7, வெள்ளி

எதைப் பார்த்தாலும் உனக்குச் சந்தேகம் என்கிறார் என் வீட்டுக்காரர். ஆமாம், சந்தேகம்தான்.

மார்ச் 11, செவ்வாய்

டிரைவர் அண்ணனை மடக்கிக் கேட்டேன். மழுப்பினார். நான் விடவில்லை. கடைசியில் சொல்லிவிட்டார்: டைரக்டர் மகளுக்கு நீச்சல் வகுப்பு.

"நான் சொன்னேன்னு தெரிஞ்சா என் சீட்டு கிழிஞ்சிடும்மா."

வயிறு எரிகிறது. நாங்கள் நாற்பது பேர் பஸ்ஸில் தொங்குகிறோம்.

மார்ச் 12, புதன்

அக்காவிடம் மட்டும் சொன்னேன். வெள்ளிக்கிழமை ஊழியர் கூட்டத்தில் கேட்டுவிடுகிறேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ கேட்டா வேன் வந்துடும். அதுவரைக்கும் எப்படியாவது ஓட்டிடறேன்."

மார்ச் 13, வியாழன்

மேனேஜர் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். பன்னிரண்டு வருடத்தில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்ததே இல்லை. முழங்கால் எப்படி இருக்கிறது என்றார். இவருக்கு யார் சொன்னது? சாயங்காலம் டைரக்டர் கார் எங்கள் தெரு வழியாகத்தான் போகிறதாம்.

"சும்மா போற வண்டிதானே, ஏறிக்கோங்க."

கூட்டத்தைப் பற்றி மூச்சே விடவில்லை. அதுதான் உதைக்கிறது.

ஏறினேன். வழியில் டைரக்டர் மகள் ஏறினாள். ஏசி குளிருதா ஆன்ட்டி என்று கேட்டாள். நல்ல பெண். ஐந்தரைக்கெல்லாம் வீடு.

மார்ச் 14, வெள்ளி

யாருக்காவது கேள்வி உண்டா என்றார்கள். அக்கா என்னையே பார்த்தார். நான் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

கேட்டிருந்தால் டிரைவர் அண்ணன் வேலை போயிருக்கும். அவருக்காகத்தான் — அவருக்காகத்தானா?

மார்ச் 18, செவ்வாய்

கார்.

மார்ச் 20, வியாழன்

கார். இனி தினமும் வருமாம். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

மார்ச் 28, வெள்ளி

அக்காவுக்கு இன்று கடைசி நாள். ஒவ்வொரு மேஜையாகப் போய்ச் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள், அடுத்த கூட்டத்தில் கட்டாயம் கேட்கிறேன் என்றேன்.

"வேணாம்மா. உன் பொழப்பையாவது பாத்துக்க."

குத்திக் காட்டுகிறாரா என்று முகத்தைத் துருவித் துருவிப் பார்த்தேன். இல்லை. மனசாரத்தான் சொன்னார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

பஸ் நிறுத்தம் கம்பெனி கேட்டுக்கு நேர் எதிரே. கார் வாசலில் நின்றது. அக்கா பஸ் ஏறிப் போகும்வரை நான் கழிப்பறையிலேயே நின்றுகொண்டிருந்தேன்.